பாலாற்றங்கரைக் காசு: கையில் கிடைத்தது முதல் அச்சில் வருவது வரை

1888இல் திருநெல்வேலி நாணயங்களைப் பற்றி ஒரு சிறு ஆங்கில நூல் சென்னையில் அச்சானது. எழுதியவர் லோவந்தால் என்ற டேனிஷ் பாதிரியார். அவர் பணியாற்றியது வேலூரில். அடுத்த ஆண்டே டஃப்னெல் என்ற படை அதிகாரி, தென்னிந்தியாவில் காசு சேர்ப்பவர்களுக்கென்று ஒரு கைக்குறிப்பு நூல் வெளியிட்டார். வேலூர், விரிஞ்சிபுரம் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த ஹுல்ஷ், 1891இலும் 1892இலும் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் விஜயநகரக் காசுகளையும் தென்னிந்தியச் செப்புக்காசுகளையும் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். ஒருவர் பாதிரியார், ஒருவர் படைக்காரர், ஒருவர் கல்வெட்டாளர். அவரவர் வேலைக்கு நடுவே காசைப் படித்தார்கள், படித்ததை அச்சில் ஏற்றினார்கள். அதனால்தான் 130 ஆண்டுகள் கழித்தும் அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது.

நாணயங்களைச் சேர்ப்பவர்கள் வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இன்றும் உண்டு. ஆசிரியர்கள், நகைக்கடைக்காரர்கள், ஷூ கம்பெனி சூப்பர்வைசர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரிடம் ஆல்பம் நிறையக் காசு இருக்கிறது. எழுதப்பட்ட குறிப்பு மட்டும் இல்லை. சேர்த்தவர் காலமானதும் ஆல்பம் பிரிகிறது, எந்தக் காசு எந்த ஊரில் கிடைத்தது என்ற செய்தி அவரோடு போய்விடுகிறது. காசு மறுபடி இன்னொருவர் கைக்கு வரும். ஊர்ப் பெயர் திரும்பி வராது. இந்த அத்தியாயம் அந்த இழப்பைத் தடுப்பதற்காக. பெரிய நூல் எழுதச் சொல்லவில்லை. ஒரே ஒரு காசைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு, பிழையில்லாமல், கிடைத்த இடத்தோடு எழுதினால் அது ஆய்வுதான்.

எதைக் கேட்பது

'வேலூர் நாணயங்கள்' என்று தலைப்பு வைத்துத் தொடங்காதீர்கள். அது பத்து ஆண்டு வேலை. ஒரு சின்னக் கேள்வியைப் பிடியுங்கள்.

இந்த வட்டாரத்தின் ஆட்சி வரிசையே கேள்விகளைத் தரும். இரண்டாம் வேங்கடபதி தேவராயர் காலத்தில் விஜயநகர அரசின் இருக்கை சந்திரகிரியிலிருந்து வேலூருக்கு நகர்ந்தது. அவருடைய பொன் வராகனில் ஒரு பக்கம் வேங்கடேசப் பெருமாள் நிற்பார், மறுபக்கம் நாகரி எழுத்தில் பெருமாளுக்கு வணக்கம் இருக்கும். அடுத்துக் கோட்டை பிஜப்பூர் சுல்தான் கைக்குப் போனது. 1678இல் மராட்டியர் பிடித்தார்கள், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வைத்திருந்தார்கள். பிறகு முகலாயத் தளபதிகள், ஆற்காட்டு நவாபுகள், ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினி. மராட்டியர் ஏறக்குறைய முப்பது ஆண்டு இங்கே இருந்தார்கள் அல்லவா? அப்படியானால் 'சிவராய்' எனப்படும் அவர்களுடைய செப்புக்காசு கோட்டையைச் சுற்றி எந்தெந்த ஊர்களில் கிடைக்கிறது? கிடைக்காத ஊர் எது? இதை ஒரு வரைபடத்தில் குறித்தாலே நல்ல கட்டுரை. யானை பொறித்த மைசூர்க் காசுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். 1780இல் ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்தார். 1799க்குப் பிறகு திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டது. இந்தக் காசுகள் படையோடு வந்தவையா, சந்தையோடு வந்தவையா என்பதற்கு ஊர்வாரிக் கணக்குதான் பதில் சொல்லும்.

ஆம்பூருக்கு வேறொரு தொடக்கப்புள்ளி உண்டு. 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். அவர் மகன் முகம்மது அலி பின்னாளில் வாலாஜா என்ற பட்டம் பெற்றார். அந்தப் பட்டப் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் தாங்கிய சிறு செப்புக்காசுகள் வெளிவந்தன. தேய்ந்த காசுகள்தான், சந்தையில் விலையும் அதிகம் போகாது. அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. ஆய்வுக்கு இறங்குகிறவர் முதலில் எடுக்க வேண்டிய காசு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டு எண் தெளிவாக உள்ள காசுகளை மட்டும் பிரித்து, எந்த ஆண்டு அதிகம், எந்த ஆண்டு இல்லை என்று பட்டியல் போட்டாலே கும்பினிக்கு நவாப் பட்ட கடனின் காலத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆற்காட்டு ரூபாய் சொல்லும் தேதி

இங்கே சற்று நின்று போக வேண்டும். ஆரம்ப ஆய்வாளர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது.

வெள்ளி ரூபாய் ஒன்று கையில் கிடைக்கிறது. எடை பதினொன்றரை கிராமுக்குப் பக்கம். ஒரு பக்கம் முகலாயப் பேரரசர் ஆலம்கீர் பெயர், மறுபக்கம் 'ஜர்ப் ஆர்காட்', அதாவது ஆற்காட்டில் அடித்தது என்று பாரசீக எழுத்து. ஆட்சியாண்டு 6, ஹிஜ்ரி 1172. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்ட கிறித்தவ ஆண்டு வரும். 1172 என்றால் 1758-59. ஆகவே 'இரண்டாம் ஆலம்கீர் 1758இல் ஆற்காட்டில் அடித்த காசு' என்று எழுதிவிடுவோம். மூன்றுமே தவறாக இருக்கக்கூடும்.

இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டார். அவர் பெயரையும் அந்த 1172ஐயும் அப்படியே நிறுத்திவைத்துக் கும்பினி 19ஆம் நூற்றாண்டிலும் ஆற்காட்டு ரூபாய் அடித்துக்கொண்டிருந்தது. அடித்த இடம் சென்னை. மக்கள் பழகிய காசின் முகத்தை மாற்றினால் சந்தையில் வட்டம் (கழிவு) பிடிப்பார்கள் என்ற கவலை. 1835இல் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தபோதுதான் இந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்களும் சளைக்கவில்லை. 1736இல் நவாப் தோஸ்த் அலியிடம் உரிமை பெற்று, புதுச்சேரியில் ஆற்காடு பெயரிலேயே ரூபாய் அடித்தார்கள். அதனால் காசில் உள்ள பெயரை விட ஓரத்தில் உள்ள சின்னம் முக்கியம். தாமரை இருந்தால் கும்பினியின் சென்னைக் காசு, பிறை இருந்தால் புதுச்சேரி. ஓரத்தில் எந்திர வரிகள் சீராக இருந்து, எழுத்து முழுமையாக வட்டத்துக்குள் அடங்கியிருந்தால் அது 1807இல் சென்னை அக்கசாலையில் எந்திரம் வந்த பிறகு அடித்தது. கையால் அடித்த காசில் அச்சு பெரிது, வில்லை சிறிது. ஆகவே எழுத்தில் பாதிதான் விழுந்திருக்கும், சின்னம் வில்லைக்கு வெளியேகூடப் போயிருக்கும்.

சின்னம் தெரியவில்லை என்றால் 'ஆற்காட்டு வகை ரூபாய், சின்னம் விழவில்லை' என்று எழுதுங்கள். ஊகத்தால் அந்த இடத்தை நிரப்ப வேண்டாம். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் இன்னும் நல்ல காசைப் பார்த்து அதை முடித்துவைப்பார்.

இந்த ஊர்களில் ஆய்வாளருக்கு வாய்த்த பெரிய வசதி, பாரசீக எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் உருது படித்த குடும்பங்கள் நிறைய. வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி நூற்றாண்டு கடந்தது. பெரியவர்களிடம் போகும்போது காசை நீட்டாதீர்கள், நல்ல பெரிய படத்தை எடுத்துப் போங்கள். "ஹஜ்ரத், இதுல ஜர்ப்-க்கு அப்புறம் என்ன இருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகப் பதில் வரும். அவர் படித்ததை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டு, உங்கள் ஊகத்தை அவர் வாயில் திணிக்காமல் இருங்கள். கட்டுரையில் அவருக்கு நன்றி சொல்லக் கட்டாயம் அனுமதி கேளுங்கள்.

எண்களையாவது நீங்களே கற்றுக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலைதான். பூஜ்யம் வெறும் புள்ளி. ஐந்து நம் பூஜ்யம் போல இருக்கும், ஆகவே அவசரத்தில் ஐந்தைப் பூஜ்யமாகப் படித்துவிடுவோம். ஏழு ஆங்கில எழுத்து 'வி' போல, எட்டு அதையே கவிழ்த்தது போல. தேய்ந்த காசில் ஏழும் எட்டும் குழப்பும்போது காசை எந்தப் பக்கம் நிமிர்த்திப் பிடித்திருக்கிறோம் என்று மறுபடி பாருங்கள்.

காசு எங்கிருந்து வந்தது

காயலான் கடை, பழைய பாத்திரக் கடை, நகைக்கடை, வீட்டுப் பெட்டி. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. பாத்திரக் கடைக்காரரிடம் காசுக்கு விலை பேசும் முன் "பாய், இது எந்த ஊர்லேருந்து வந்த சரக்கு?" என்று கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும், கேட்பவர்தான் இல்லை. 'ஆம்பூர்க் கடையில் வாங்கியது' என்பது வேறு, 'ஆம்பூரில் கிடைத்தது' என்பது வேறு. குறிப்பில் இரண்டையும் கலக்கவே கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. 1808 என்று தேதியிட்ட கும்பினியின் 10 காசு, 20 காசு நாணயங்கள் புதிதுபோல் சந்தைக்கு வருகின்றன. அவை இங்கிலாந்தில் அடிக்கப்பட்டவை. அவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரை அருகிலேயே மூழ்கியது. 1980களில் கடலடியிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை மேலே எடுத்தார்கள். உங்கள் கையில் இருக்கும் 1808 காசு பாலாற்றங்கரையில் ஒரு நாள்கூடப் புழங்காமல், நேராகக் கடலடியிலிருந்து வியாபாரி வழியாக வந்ததாக இருக்கலாம். கிடைத்த இடம் உறுதியாகத் தெரியாமல் அதை வைத்து 'வேலூரில் கும்பினிக் காசுப் புழக்கம்' என்று எழுதினால் கட்டுரையே சாய்ந்துவிடும்.

போலிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1616, 1717, 1818, 1839 போன்ற தேதிகளோடு, ஒரு பக்கம் கும்பினியின் பெயரும் மறுபக்கம் ராமர், அனுமன், தாமரை என்று ஏதாவது ஒன்றும் பொறித்த செப்புக்காசுகள் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. கும்பினி இப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. 'அரிசியை இழுக்கும்', 'கோடிக்குப் போகும்' என்று சொல்லி இவற்றை வைத்துப் பணம் பறிக்கிறார்கள். யாராவது உங்களிடம் கொண்டுவந்தால் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றியவர் ஆவீர்கள்.

அஸ்திவாரம் தோண்டும்போது, கிணறு வெட்டும்போது மண்ணிலிருந்து காசு வந்தால் நிலைமை வேறு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்த நாள் என்பவை அதில் இருக்க வேண்டும். மறைத்தால் தன் பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறையும் உண்டு. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் வழியாகப் போகும். ஆனால் மனுவின் நகல் உங்களிடம் இருக்கட்டும். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு அறிஞருக்குக் காட்ட வேண்டுமானால் படத்தை அனுப்புங்கள். முறையில்லாமல் வந்த காசு என்று தெரிந்தால் அதை வெளியிடாதீர்கள். வெளியீடு அந்தக் காசுக்கு மதிப்பு ஏற்றிவிடும்.

ஊர்ப் பெயரை எழுதும்போது வருவாய்க் கிராமம், வட்டம், மாவட்டம் மூன்றையும் எழுதுங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. வேலூர் மாவட்டம் என்ற பெயர் வருவதற்கு முன்பு எல்லாம் வட ஆற்காடு. இன்னும் பின்னால் போனால், 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர், வாணியம்பாடியோ சேலம் மாவட்டத்தில். ஆகவே வாணியம்பாடியில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த புதையலைத் தேடுகிறவர் சேலம் மாவட்ட ஆவணங்களைப் புரட்ட வேண்டும்.

கழுவாதீர்கள்

புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளைப் பொடி எதுவும் வேண்டாம். பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும்.

பாலாற்றங்கரைச் செப்புக்காசுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு டேனரிக் கழிவோடு நிலத்திலும் கிணற்றிலும் இறங்கியதை இந்த ஊர் மக்கள் அறிவார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது அதைப் பற்றித்தான். உப்பேறிய மண்ணில் கிடந்த செம்புக்குள் குளோரைடு புகுந்துவிடும். வெளியே எடுத்து வைத்த பிறகும், காற்றில் ஈரம் பட்டால் வெளிர் பச்சைத் தூளாகப் பூத்துக்கொண்டே இருக்கும். கெட்டியான கரும்பச்சைப் படலம் காசைக் காக்கிறது, அதைத் தொட வேண்டாம். விரல் பட்டால் உதிரும் வெளிர் தூள்தான் நோய். அப்படிப்பட்ட காசை மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, ஈரமில்லாத டப்பாவில் வைத்து, அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவைக் கேளுங்கள். ஷூ பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஆம்பூரில் எளிதாகக் கிடைக்கும். புதியதாகப் பார்த்து டப்பாவில் இரண்டு போடுங்கள். காசைத் தோல் பையில் வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பதனிட்ட தோலில் தங்கும் அமிலமும் உப்பும் செம்புக்கு ஆகாது.

அளப்பதும் எழுதுவதும்

எடை இரண்டு தசம இடம் வரை வேண்டும். வேலூர் லாங் பஜார் நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்கள். விட்டத்தை வெர்னியரால், அகலமான இடத்திலும் குறுகிய இடத்திலும் அளந்து இரண்டையும் எழுதுங்கள். முன்பக்கத்தை நேராகப் பிடித்து அப்படியே பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதைக் கடிகார முள் கணக்கில் குறியுங்கள். படத்துக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். ஒளி ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும், பக்கத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். பிளாஷ் போட்டால் எழுத்து மறையும்.

வாலாஜா காசு ஒன்றை விவரிக்கும் வரி இப்படி இருக்கலாம்: 'செம்பு, வட்டம், ஓரம் ஒழுங்கற்றது. முன்பக்கம்: பாரசீக எழுத்தில் வாலா[ஜா]. பின்பக்கம்: ஹிஜ்ரி ஆண்டு 12. . , கடைசி இரண்டு எண்கள் தேய்ந்துள்ளன.' ஐயமான எழுத்து சதுர அடைப்புக்குள், அழிந்தது புள்ளியாக. கண்ணால் கண்டது முதலில், கருத்து அடுத்த பத்தியில். இந்த ஒழுங்கு தவறினால் வாசிப்பவருக்கு எது காசில் உள்ளது, எது உங்கள் மனதில் உள்ளது என்று பிரிக்க முடியாது.

கருத்து எழுத, காசோடு ஆவணத்தையும் வையுங்கள். கும்பினிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இது தெரிந்தால்தான் பழைய கணக்கேடு புரியும். தோல் வியாபாரக் குடும்பங்களின் பழைய கணக்குப் புத்தகங்கள் வீட்டில் இருந்தால், எந்த நாணயத்தில் வரவு எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கக் கேளுங்கள். ஹுல்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890இல் வந்தது. வேலூர்ப் பகுதிக் கல்வெட்டுகளுக்கு அங்கிருந்து தொடங்கலாம். ஒப்பிட வேண்டிய நூல்களில் வால்டர் எலியட், தேசிகாச்சாரி, கும்பினிக் காசுக்குப் பிரிட்மோர், தமிழகக் காசுகளுக்கு மிட்சினர் ஆகியோர் முக்கியம். தமிழில் நடன காசிநாதனின் 'தமிழர் காசு இயல்' எளிய வாசல்.

எங்கே அனுப்புவது

தமிழிலேயே எழுதுங்கள் என்பேன். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிடும் 'ஆவணம்' ஆண்டிதழ் கல்வெட்டோடு காசுக் குறிப்புகளையும் ஏற்கிறது. தொல்லியல் துறையின் 'கல்வெட்டு' இதழும் உண்டு. தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையின் ஆண்டு மாநாட்டில் வாசித்தால் நேருக்கு நேர் கேள்வி வரும், அது கட்டுரைக்கு நல்லது. ஆங்கிலத்தில் என்றால் 1910இல் தொடங்கிய இந்திய நாணயவியல் கழகத்தின் இதழ், தென்னிந்திய நாணயவியல் கழகத்தின் 'ஸ்டடீஸ் இன் சவுத் இந்தியன் காயின்ஸ்', நாசிக் அருகே அஞ்சநேரியிலிருந்து வரும் 'நியூமிஸ்மாட்டிக் டைஜஸ்ட்' ஆகியவை. ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பக் கூடாது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லும் இதழ்களை அண்டாதீர்கள். அங்கே யாரும் உங்கள் வாசிப்பைச் சரிபார்ப்பதில்லை.

பத்திரிகைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். 'ஆயிரம் ஆண்டுப் பழமை' என்று தலைப்பு வந்துவிட்டால் பிறகு திருத்த முடியாது. மறுத்து எழுதுகிறவர் வந்தால் வருந்தாதீர்கள். 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பாண்டியர் காசை வெளியிட்டபோது, அறிஞர்கள் எழுத்து எழுத்தாகச் சோதித்த பிறகே அது சங்ககாலத்துக்குச் சான்றாக நின்றது. அவர் பத்திரிகை ஆசிரியர். காசுக் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தவர். சேர்த்ததைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல்களாக்கினார்.

காசின் சொந்தக்காரர் பெயரையும் முகவரியையும் அச்சில் போடாதீர்கள், 'தனியார் சேகரிப்பு, ஆம்பூர்' என்றால் போதும். சந்தை விலையை எங்கும் எழுத வேண்டாம். கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதியை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும், ஒன்றை உங்கள் ஊர் நூலகத்துக்கும், ஒன்றைக் காசைக் காட்டிய கடைக்காரருக்கும் கொடுங்கள். அச்சில் தன் கடைக் காசைப் பார்த்தவர் அடுத்த முறை ஊர்ப் பெயரை அவராகவே கேட்டு வைத்திருப்பார்.